ராஜாவின் திருவாசகம்: இருபது ஆண்டாக ஏன் இந்த வழக்கு?

கேள்வி:

ஐயா, எனக்கு மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பம். வீட்டில் கடல் தொழில். நான் புதுச்சேரியில் நண்பர்களோடு ஒரு சின்ன ராக் பேண்டில் கிட்டார் வாசிக்கிறேன். போன மாதம் கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் 'சைனீஸ் டெமாக்ரஸி' பற்றிப் பேச்சு வந்தது. உலகமே காத்திருந்த ஆல்பம், வந்த பிறகு ஆளுக்கொரு தீர்ப்பு. எங்கள் டிரம்மர், "நம்ம ஊரிலும் இதே கதை உண்டு, இளையராஜாவோட திருவாசகம்" என்றான். அங்கே பிடித்த சண்டை இன்னும் ஓயவில்லை. என் பெரியப்பா 2005லேயே அந்த சி.டி.யை வாங்கி வைத்திருக்கிறார். தமிழில் இதற்கு மேல் ஒரு இசை இல்லை என்பார். எங்கள் பேஸ் கிட்டார்காரன், "பின்னணி இசை மாதிரி இருக்கு, சிம்பொனின்னு சொல்லி ஏமாத்திட்டாங்க" என்கிறான். எங்கள் பக்கத்துச் சிவன் கோயிலில் தேவாரம் படிக்கும் பெரியவர், திருவாசகத்தை ஓதுவார் பாடினால்தான் திருவாசகம் என்று முடித்துவிட்டார். இதில் யார் சொல்வது சரி? மார்கழியில் கோயில் மைக் செட்டில் இந்த ஆல்பத்தைப் போடலாம் என்று பெரியப்பா சொல்கிறார், சரிப்படுமா? எங்கள் பேண்டில் திருவாசகப் பாட்டு ஒன்றை எடுத்துச் செய்ய ஆசை. செய்தால் தப்பா?

பதில்:

தம்பி, உங்கள் டிரம்மர் சொன்னதில் பாதி சரி. 'சைனீஸ் டெமாக்ரஸி' 2008 நவம்பரில்தான் வந்தது. 1991இல் 'யூஸ் யுவர் இல்யூஷன்' இரண்டு தொகுதிகள், 1993இல் மற்றவர்களின் பாடல்களைப் பாடிய ஒரு தொகுப்பு. அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டு புதிய ஆல்பமே இல்லை. இடையில் ஸ்லாஷ் விலகினார், டஃப் மெக்கேகன் விலகினார். ஆக்ஸல் ரோஸ் ஆட்களை மாற்றி மாற்றி ஸ்டூடியோவில் உழைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்த பாட்டை யாரும் பாட்டாக மட்டும் கேட்கவில்லை. இத்தனை ஆண்டு காத்ததற்கு இது ஈடாகுமா என்று கணக்குப் பார்த்தார்கள். திருவாசகத்துக்கும் அது நடந்தது. ஆனால் அங்கே காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே: பழைய கன்ஸ் அண்ட் ரோஸஸ். இங்கே காத்திருந்தவர்கள் மூன்று தரப்பு. மூவருக்கும் வேண்டியது மூன்று வெவ்வேறு ஆல்பங்கள். ஒரே சி.டி. மூவர் கையிலும் போய்ச் சேர்ந்தது.

முதல் தரப்பு ராஜாவின் ரசிகர்கள், உங்கள் பெரியப்பாவைப் போன்றவர்கள். அவர்கள் எத்தனை ஆண்டு எதை மனதில் சுமந்தார்கள் என்பது உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. 1976இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து அவர் கொடுத்ததெல்லாம் சினிமாவுக்குள்ளேதான். 1986இல் 'ஹவ் டு நேம் இட்' என்று சினிமாவுக்கு வெளியே ஓர் ஆல்பம் செய்து தியாகராஜருக்கும் மேற்கத்திய இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையாக்கினார். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. 1993இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா, ஜான் ஸ்காட் நடத்த, அவருடைய சிம்பொனி ஒன்றை வாசித்துப் பதிவு செய்தது. தமிழ்ப் பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. அந்தப் பதிவு மட்டும் வெளிவரவே இல்லை. அதே காலத்தில்தான் 1992இல் 'ரோஜா' படம் வந்து திரையிசையின் ஓசையே மாறிப்போனது. எங்கள் ராஜா யார் என்று உலகத்துக்குக் காட்ட ஒன்று வர வேண்டும், அது வந்தால் வாயடைத்துப் போவார்கள் என்று பன்னிரண்டு ஆண்டு நெஞ்சில் வைத்திருந்தவர்கள் அவர்கள். 2005இல் அட்டையில் சிம்பொனி என்ற சொல்லோடு ஒன்று வந்தபோது, வராமல் போன அந்த 1993ஆம் ஆண்டுச் சிம்பொனியின் கடனையும் சேர்த்து இதனிடம் வசூலிக்கப் பார்த்தார்கள்.

இரண்டாம் தரப்பு உங்கள் தேவாரப் பெரியவர். அவருக்கு இது சைவத்தின் எட்டாம் திருமுறை. ஐம்பத்தொரு பகுதிகள் கொண்ட அந்த நூலை மோகன ராகத்தில், பல நேரம் தாளக் கட்டே இல்லாமல், சொல்லின் போக்கில் ஓதுவது ஓதுவார் வழக்கம். தருமபுரம் சுவாமிநாதன் பாடிய பதிவு கிடைக்கும், தேடிக் கேளுங்கள். ஒரு குரல், ஒரு சுருதி, அவசரமே இல்லாத நடை. அதைக் கேட்டுக் கண் கலங்கிப் பழகியவருக்கு நாற்பது வயலின் எதற்கு என்ற கேள்வி எழுவது நியாயம். அவரைப் பழமைவாதி என்று தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாம் தரப்பு மேற்கத்திய செவ்வியல் இசையைப் படித்தவர்கள். உங்கள் பேஸ் கிட்டார்காரன் அந்தப் பக்கம் சாய்ந்தவன் என்று நினைக்கிறேன். சிம்பொனி என்றால் வழக்கமாகப் பாட்டே இல்லாத, பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா வடிவம். பீத்தோவன் 1824இல் தன் ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் குரலைக் கொண்டுவந்தபோது அது பெரிய துணிச்சலாக இருந்தது. ஒரு சமய நூலை எடுத்து, பாடகர்களும் கூட்டுக் குரலும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து, வேஷம் கட்டாமல் பாடுவதற்கு அங்கே ஒராடோரியோ என்று தனி வடிவமே உண்டு. 1742இல் டப்ளின் நகரில் முதலில் அரங்கேறிய ஹேண்டலின் 'மெசையா' அந்த வகை. ராஜாவின் திருவாசகமும் அந்த வகைதான். வெளிவந்த நாளிலேயே விவரம் தெரிந்தவர்கள் இதைச் சொன்னார்கள். அட்டையில் வேறு பெயர் இருந்ததால் வந்த மனத்தாங்கல் நியாயமானது. ஆனால் அட்டை சரியில்லை என்பதற்காக உள்ளே இருப்பதைக் கேளாமல் விடுவது நமக்குத்தான் நஷ்டம்.

இனி ஆல்பத்துக்கு வருவோம். தயாரித்தது சினிமா கம்பெனி அல்ல. தமிழ் மையம் என்ற அமைப்பு. அதை நடத்தியவர் ஜெகத் கஸ்பர் ராஜ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். மணிலாவிலிருந்து ஒலிபரப்பான வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பிரிவில் பணியாற்றியவர். சைவ நூலுக்குப் பாதிரியார் எதற்கு என்று அப்போது சிலர் முகம் சுளித்தார்கள். திருவாசகத்தை முழுவதுமாக ஆங்கிலத்தில் கொண்டுவந்து 1900இல் அச்சிட்டவரே ஜி.யு. போப் என்ற பாதிரியார்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. நூலைப் பாடிய மாணிக்கவாசகரின் அழுகைக்கு மதம் கடந்த வாசகர்கள் நூறாண்டுக்கு மேலாகவே உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. 2000இல் வந்த 'ஹே ராம்' படத்தின் பின்னணி இசைக்கும் ராஜா புடாபெஸ்டுக்குத்தான் போனார், ஆகவே அந்த ஊரின் தந்திக் கருவி ஒலி அவருக்கு முன்பே பழக்கம். ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். நியூயார்க் பிராட்வே மேடையின் 'விக்கட்' இசை நாடகத்தை உருவாக்கியவர், பாட்டெழுதி ஆஸ்கர் வாங்கியவர். 2005 ஜூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் வெளியீடு நடந்தது.

மொத்தம் ஆறு பாடல்கள். யாத்திரைப்பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்தபத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து. திருவாசகப் புத்தகத்தை எடுத்து இந்த வரிசையை ஒப்பிட்டுப் பாருங்கள். நூலில் முதலில் வருவது சிவபுராணம். யாத்திரைப்பத்து நாற்பத்தைந்தாவது. ராஜா அதைத் தூக்கி முன்னால் வைத்தார். காரணம் இசைக்காரருடைய காரணம். யாத்திரைப்பத்து கூட்டத்தை அழைக்கும் பாட்டு: காலம் வந்துவிட்டது, எல்லோரும் புறப்படுங்கள் என்று அடியாரைத் திரட்டுகிறது. கூட்டுக் குரலும் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் எழுந்து நிற்க அதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இங்கே தொடங்குகிறது. திருவாசகத்தில் இரண்டு வகைக் குரல் உண்டு. ஒன்று கூட்டத்தின் குரல். திருப்பொற்சுண்ணத்தில் பெண்கள் கூடி உலக்கை பிடித்து, இறைவன் நீராட வாசனைப் பொடி இடிக்கிறார்கள். அது வேலைப் பாட்டு. அம்மானை, பூவல்லி, உந்தி, ஊசல் என்று ஊர்ப் பெண்களின் விளையாட்டுப் பாட்டு வடிவங்களை மாணிக்கவாசகர் வரிசையாக எடுத்துக் கையாண்டிருக்கிறார். தும்பியைக் கூப்பிட்டு அங்கே போய் ஊது என்னும் கோத்தும்பியும் அந்த வரிசையில் வருவதுதான். மற்றது ஒற்றைக் குரல். பாண்டியனின் அமைச்சராக இருந்து, குதிரை வாங்கப் போன இடத்தில், திருப்பெருந்துறையில், குருவைக் கண்டு எல்லாவற்றையும் விட்ட ஒரு மனிதர், யாரும் பார்க்காத இடத்தில் தன்னைத் தானே திட்டிக்கொண்டு அழுவது. சிவபுராணத்தின் நடுப்பகுதியும் பிடித்தபத்தும் அந்தக் குரல். அச்சப்பத்தும் அப்படியே. பாம்புக்கோ நெருப்புக்கோ பயமில்லை, அன்பில்லாதவரைக் கண்டால்தான் பயம் என்று ஒரு மனிதர் தன் நடுக்கத்தைச் சொல்வது அது.

ஆர்க்கெஸ்ட்ரா என்பது ஒரு கூட்டம். எழுபது எண்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சு விடும் கூட்டம். ஆகவே கூட்டத்தின் பாட்டுகளில் ராஜாவின் திருவாசகம் அசைக்க முடியாமல் நிற்கிறது. பொற்சுண்ணத்தைக் கேளுங்கள். உலக்கை விழும் தாளம் அந்தப் பாட்டின் யாப்பிலேயே இருக்கிறது. அதைக் கிராமத்திலிருந்து வந்த ஒருவரால்தான் இப்படிப் பிடித்து ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் இறக்க முடியும். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர் அவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தது பிறகு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓர் ஆளுக்குள் வேலை செய்வதை நான் கேட்ட இடங்களில் இதுவே உச்சம். இந்தப் பாட்டை ஒதுக்குபவர்களிடம் நான் வாதாடத் தயார்.

ஒற்றைக் குரல் பாட்டுகளில்தான் வழக்கு தொடங்குகிறது. சிவபுராணத்தை எடுத்துக்கொள்வோம். ஆறில் நீளமானது, ஆல்பத்தின் நடுத்தூண் என்றே அதை அமைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் மனப்பாடமான தொடக்க வரிகளில் அவர் ஆரம்பிக்கவில்லை. தன்னைத் தீவினையாளன் என்று கவிஞர் சொல்லிக்கொள்ளும் இடத்திலிருந்து எடுக்கிறார். அருமையான தேர்வு. புல்லிலிருந்து தேவர் வரை எல்லாப் பிறவியும் பிறந்து களைத்தேன் என்னும் இடம் வரும்போது இசை படிப்படியாக ஏறுவது சரியாகவே இருக்கிறது. ஆனால் இடையில் ஆங்கிலம் வருகிறது. ஷ்வார்ட்ஸ் கைதேர்ந்தவர், வரிகளில் குறையில்லை. ஆனால் பிராட்வே மேடையில் ஒரு பாத்திரம் அரங்கத்தைப் பார்த்துத் தன் மனதைத் திறந்து சொல்லும். மாணிக்கவாசகர் அரங்கத்தைப் பார்க்கவே இல்லை. அவருக்கு எதிரில் ஒரே ஒருவர்தான். ஆங்கிலக் குரல் நுழையும் ஒவ்வொரு முறையும், தனியாக அழுதுகொண்டிருந்த மனிதரை யாரோ மேடைக்கு அழைத்து விளக்குப் போட்டதுபோல் எனக்கு ஆகிவிடுகிறது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அந்த ஆங்கிலம்தான் கதவாக இருந்தது, அதுவும் உண்மை. டொரொண்டோவிலும் லண்டனிலும் வளர்ந்த ஒரு தலைமுறைக்காகவும் சேர்த்துத்தான் இது செய்யப்பட்டது. என் காதுக்கு அது இடையூறு. அவர்களுக்கு அது வழி. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு தீர்ப்பும் இருக்கட்டும் என்றே விடுகிறேன்.

பெரியவரின் குறைக்கும் இசை ரீதியாக ஒரு காரணம் உண்டு. நீங்கள் கிட்டார்காரர் என்பதால் சொன்னால் புரியும். நம் ராகத்தில் ஒரு சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. பக்கத்துச் சுரத்தைத் தொட்டு, வளைந்து, ஆடி வரும். அதுதான் கமகம். மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவின் பலமோ ஒரே நேரத்தில் பல சுரங்களை அடுக்கி நிறுத்துவது, நீங்கள் கார்டு பிடிப்பதைப் போல. அடுக்கு நிற்க வேண்டுமென்றால் சுரங்கள் நேராக இருக்க வேண்டும். மேல் சுரம் ஆடத் தொடங்கினால் அடுக்கு கலங்கும். ஒரு வயலின் ஆடலாம். தாளில் எழுதியதைப் பார்த்து வாசிக்கும் முப்பது வயலின்கள் ஒன்றாக ஒரே மாதிரி ஆட முடியாது. ஆகவே இப்படி இசையமைக்கும் எவரும் மெட்டை ஓரளவு நிமிர்த்தத்தான் வேண்டும். ராஜாவும் நிமிர்த்தினார். வளைவை முழுக்கத் தன் குரலில் வைத்துக்கொண்டு, ஆர்க்கெஸ்ட்ராவை நேராக நிறுத்தினார். ஓதுவாரின் ஒவ்வொரு அசைவையும் உடம்பில் வாங்கிய பெரியவருக்கு அந்த நிமிர்வு உறுத்துகிறது. அவர் காது பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த விலை கொடுக்காமல் யாத்திரைப்பத்தின் அந்தப் பிரம்மாண்டம் வந்திருக்காது.

பிடித்தபத்தில் இந்தச் சிக்கலுக்கு ராஜா ஒரு விடை கண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். உன்னை இறுகப் பற்றிவிட்டேன், இனி என்னைவிட்டு எங்கே போவாய் என்று இறைவனிடமே உரிமையோடு கேட்கும் பாட்டு அது. அங்கே ஆர்க்கெஸ்ட்ரா தணிந்து குரலுக்குப் பின்னால் நகர்ந்துகொள்கிறது. கூட்டத்தை வைத்துக்கொண்டு கூட்டத்தை அடக்குவது பெரிய வித்தை. ஆறில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான். அதிகம் பேசப்படாததும் இதுதான், அது எனக்கு வருத்தம்.

இதையெல்லாம் சொன்ன பிறகு, இந்த ஆல்பத்துக்கு வெளியே இருந்த ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2005இல் திருவாசகம் மியூசிக் அகாடமி மேடையில் ஒலித்தது. மாணிக்கவாசகரே பாடிப் பரவிய சிதம்பரத்தில், நடராசர் சன்னிதிக்கு முன்னால் உள்ள சிற்றம்பல மேடையில் நின்று தேவாரமும் திருவாசகமும் பாடும் உரிமைக்கு அப்போது போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 2008இல் அரசாணை போட்டு, மார்ச் மாதத்தில் போலீஸ் காவலோடுதான் சிவனடியார் ஆறுமுகசாமி அங்கே ஏறிப் பாட முடிந்தது. யார் பாடலாம், எந்த மொழியில் பாடலாம், எங்கே நின்று பாடலாம் என்ற சண்டை கொதித்துக்கொண்டிருந்த காலத்தில், தலித் குடும்பத்தில் பிறந்த ஒருவர் இந்த நூலைத் தன் குரலில் எடுத்து உலக ஆர்க்கெஸ்ட்ராவின் நடுவில் நிறுத்தினார். உங்கள் பெரியப்பாவின் பெருமிதத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். அவரிடமே கேளுங்கள். அந்தப் பெருமிதத்தை வெறும் ரசிகர் வெறி என்று ஒதுக்கினால், இந்த ஆல்பம் ஏன் அவ்வளவு பேருக்கு வீட்டுப் பொக்கிஷமாக இருக்கிறது என்பது உங்களுக்குப் புரியாமலே போகும்.

யார் சொல்வது சரி என்று கேட்டீர்கள். பொற்சுண்ணத்திலும் யாத்திரைப்பத்திலும் பெரியப்பா சரி. சிவபுராணத்தில் பெரியவர் பக்கம் நான் சாய்கிறேன். அட்டையில் உள்ள பெயர் விஷயத்தில் உங்கள் நண்பன் சரி, ஆனால் பின்னணி இசை போல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்னணி இசைக்கு எதிரில் ஒரு காட்சி இருக்கும். இங்கே இசைக்கு எதிரில் இருப்பது ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான யாப்பு. அது காட்சியைப் போல விட்டுக்கொடுக்காது. ஒவ்வொரு அடியிலும் குறிலும் நெடிலும் எங்கே நிற்கின்றன, இசை எங்கே மூச்சு விடுகிறது என்று நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ஈவென்டிம் அப்போலோ அரங்கத்தில் ராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது. வாசித்தது அதே ராயல் ஃபில்ஹார்மோனிக். அது திருவாசகத்துக்கு ஒரு நன்மை செய்திருக்கிறது. சிம்பொனி எங்கே என்ற கேள்விக்குப் பதில் தனியாக வந்துவிட்டதால், இந்த ஆறு பாடல்களும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டில் முதல்முறையாக இவை எதுவோ அதுவாகக் கேட்கப்படும் நிலை வந்திருக்கிறது.

மைக் செட் விஷயம். வேண்டாம் என்பேன், பக்தி சார்ந்த காரணத்தால் அல்ல. கோயில் கோபுரத்திலும் மரத்திலும் கட்டும் குழாய் ஸ்பீக்கர் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் உருப்படியாக எதுவும் வராது. செல்லோவின் அடித் தந்தி 65 ஹெர்ட்ஸ், டபுள் பேஸின் அடித் தந்தி 41. அதாவது இந்த இசையின் அடித்தளம் முழுவதும் குழாயில் காணாமல் போகும், மேலே உள்ள வயலின்களும் குரலும் தகரம் போல் கிறீச்சிடும். இன்னொன்று, ஆர்க்கெஸ்ட்ரா இசையில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இடைவெளி மிகப் பெரிது. உங்கள் ஊரில் விடியற்காலை அலைச் சத்தமும் காற்றும் இருக்கும். மெல்லிய இடம் கேட்கவே கேட்காது என்று ஆபரேட்டர் சத்தத்தைக் கூட்டுவார், அடுத்த நிமிடம் பித்தளைக் கருவிகள் வந்து ஊரை எழுப்பிவிடும். பெரியப்பாவுக்கு ஆசையாக இருந்தால் மண்டபத்துக்குள் இரண்டு நல்ல பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்து, பத்துப் பேரை உட்காரவைத்துப் போடட்டும். வெளியே குழாயில் ஓதுவார் பாட்டு ஒலிக்கட்டும், அதற்கு அந்தக் குழாயே போதும். செல்போன் ஸ்பீக்கரிலேயே கேட்டுவிட்டுப் பின்னணி இசை என்று தீர்ப்புச் சொன்னவர்கள் ஏராளம். உங்கள் நண்பன் எதில் கேட்டான் என்று விசாரியுங்கள். ஒரு நல்ல ஹெட்போன் கிடைத்தால் போதும், அவன் வாசிக்கும் பேஸ் அந்தத் தந்திக் கருவிகளின் அடியில் என்ன வேலை செய்கிறது என்பது அவனுக்கே தெரியும்.

பேண்டில் எடுப்பது தப்பா என்றால், தப்பே இல்லை. உங்கள் கடற்கரைக்கு அந்த உரிமை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்றுகூடச் சொல்வேன். வடக்கே திருக்கழுக்குன்றம், அதன் மேல் மாணிக்கவாசகர் பாடிய பதிகம் நூலிலேயே இருக்கிறது. தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துப் போனால் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். அதற்கும் முன்னால், சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் உங்கள் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சிறிய யாழைச் சுமந்துகொண்டு பாணர்கள் நடந்த கரை அது.

சட்டப்படி ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். திருவாசகத்தின் சொற்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. இந்தியச் சட்டத்தில் படைப்பாளி மறைந்து அறுபது ஆண்டு வரைதான் காப்புரிமை. ஆனால் ராஜாவின் மெட்டு ராஜாவுடையது, அந்தப் பதிவுக்கும் தனி உரிமை உண்டு. இந்த விஷயத்தில் அவர் நீதிமன்றம் வரை போகக்கூடியவர், போயும் இருக்கிறார். ஆகவே அவர் மெட்டைத் தொடாதீர்கள். சொந்த மெட்டுப் போடுங்கள்.

ராக்கும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேரும் ஆசை புதிது இல்லை. 1969இல் டீப் பர்ப்பிள் குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இதே ராயல் ஃபில்ஹார்மோனிக்கோடு தன் உறுப்பினர் ஜான் லார்ட் எழுதிய இசைப் படைப்பை வாசித்தது. அப்போதும் ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். உங்களுக்கு ஆர்க்கெஸ்ட்ரா தேவையில்லை. ஓதுவாரின் மோகனத்தைக் கவனியுங்கள்: ச ரி க ப த. உங்கள் மேஜர் பென்டடானிக் ஸ்கேலின் ஐந்து சுரங்களும் அவையேதான். அதே ஐந்தை த-விலிருந்து தொடங்கினால் மைனர் பென்டடானிக், நம் பக்கத்தில் சுத்த தன்யாசி. ராக் கிட்டார் கற்கும் எல்லோருடைய விரலும் முதல் ஆண்டிலேயே பழகும் இடம் அது. ஒற்றைக் குரல் பாட்டு ஒன்றை எடுங்கள், நான் பிடித்தபத்தைச் சொல்வேன். பத்துப் பாட்டில் மூன்று போதும். முப்பது வயலின்கள் சேர்ந்து செய்ய முடியாத ஒன்றை எலெக்ட்ரிக் கிட்டார் தனியாகச் செய்யும்: தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வளைத்துக்கொண்டு போக முடியும். கமகத்துக்கு வெகு அருகில் போய்விடலாம். டிஸ்டார்ஷனைக் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் வளைவு மங்கிவிடும். முதல் பாட்டை டிரம்ஸ் இல்லாமல், கிட்டாரும் குரலும் மட்டுமாகப் பாடுங்கள். பாடுபவர் சொற்களைப் பிரித்து, பொருள் தெரிந்து பாட வேண்டும். அதற்கு அந்தத் தேவாரப் பெரியவரிடம் போய் உட்காருங்கள். ஓதுவார் பாடினால்தான் திருவாசகம் என்று சொன்னவர், சொல்லிக் கொடு என்று ஒரு பையன் வந்து கேட்டால் மறுக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.